குரலா, கோடா? பாபநாசம் வாசகிக்கு ஒரு பதில்

பாபநாசத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் அவருடைய மகள், தம்பிக்குச் சோறு ஊட்டும்போது ஐந்து பாத்திரங்களுக்கு ஐந்து குரலில் கதை சொல்கிறாள். கணக்கு நோட்டின் ஓரங்களில் எல்லாம் பொம்மைப் படம் வரைந்து வைக்கிறாள். கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பது, கார்ட்டூன் வரைவது என்ற இரண்டில் ஒன்றுதான் தன் தொழில் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சென்னையில் ஒரு தனியார் பயிற்சி மையம் 3 ஆண்டு அனிமேஷன் படிப்புக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கேட்கிறது. 'நூறு சதவீத வேலை உறுதி' என்றும் சொல்கிறது. "இதெல்லாம் சோறு போடாது என்கிறார் என் கணவர். நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா? இரண்டில் எது நிலையான தொழில்?" என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை இப்போது அடகு வைக்க வேண்டாம். உங்கள் மகளுக்குத் திறமை இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் எந்த வேலையை விரும்புகிறாள் என்பது அவளுக்கே இன்னும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். நான் தொழிலின் முதல் நான்கு ஆண்டுகளை ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் படம் வரைந்தும், அதற்குப் பிந்தைய காலம் முழுவதையும் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதி டப்பிங் நடத்தியும் கழித்தவள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குரலை மாற்றுவதும் அழகாக வரைவதும்தான் இந்தத் தொழில்கள் என்று நினைக்கிறார்கள், ஆனால் உள்ளே நடப்பது வேறொருவர் போட்டுவைத்த அளவுக்குள் தன் திறமையை அடக்கிக் கொடுக்கும் வேலை. அந்த அளவுக்குள் நிற்பதில் ஒருவருக்கு மகிழ்ச்சி உண்டா என்பதைப் பொறுத்துத்தான் அவர் இங்கே நீடிப்பதும் விலகுவதும் அமைகின்றன.

முதலில் குரல். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் உள்ள டப்பிங் அறைகள் பெரும்பாலும் ஒரு சமையலறை அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு மைக், வசனத் தாள் வைக்க ஒரு ஸ்டாண்டு, எதிரே ஒரு திரை, காதில் ஹெட்போன். முன்பெல்லாம் ஒரு காட்சியில் வரும் அத்தனை பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேசினார்கள். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து தன் பகுதியை மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள், ஆகவே நண்பனோடு சண்டை போடும் காட்சியில் எதிரே நண்பன் இருக்க மாட்டான். அவன் பேசவேண்டிய தமிழ் வசனம்கூட அன்றைக்குப் பதிவாகியிருக்காமல் போகலாம். ஹெட்போனில் மூல மொழியில் ஒரு குரல் பேசும், அதற்கு இவள் கோபப்பட வேண்டும்.

கோபப்பட்டால் மட்டும் போதாது, வாயிலும் பொருந்த வேண்டும். கார்ட்டூன் பாத்திரத்தின் வாய், மனித வாயைப் போல நுணுக்கமாக அசைவதில்லை என்பது உண்மை. எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எங்கே உதடு மூடுகிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால் பார்ப்பவர் நம்பிவிடுவார். ஆனால் அந்த மூன்றைச் சரிசெய்வதற்குள் தமிழ் நம்மைப் பாடாய்ப் படுத்திவிடும். ஆங்கிலப் பாத்திரம் 'ஹெல்ப்' என்று கத்தும்போது வாய் ஒரே முறை திறந்து 'ப்'பில் மூடிவிடுகிறது. நாம் 'காப்பாத்துங்க' என்றால் 'காப்' என்பதோடு வாய் மூடிவிடும். மீதி ஐந்தெழுத்தும் மூடிய வாயிலிருந்து வரும். 'யப்பா' என்று மாற்றலாம், அல்லது அடுத்த நொடியில் படம் துரத்தி வருபவன் பக்கம் திரும்புமானால் மீதியை அந்த ஷாட்டின் மேல் ஓடவிடலாம். இன்னொன்று, ஆங்கிலத்தில் 'தெரியாது' என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும், பாத்திரம் அப்போதே தலையை ஆட்டி, பிறகு தெருவைக் கைகாட்டும். தமிழில் 'அவன் எங்கே போனான்னு எனக்குத் தெரியாது' என்று இயல்பாக எழுதினால், தலை ஆடும்போது 'அவன் எங்கே' என்றும், கை தெருவைக் காட்டும்போது 'தெரியாது' என்றும் விழுந்து காட்சியே குழம்பும். 'தெரியாதுப்பா, எங்கே போனானோ' என்று திருப்பிப் போட்டால்தான் தலையும் கையும் அதனதன் சொல்லோடு சேரும். இதை எழுதுபவர் வசனகர்த்தா என்றாலும், மைக் முன் நிற்பவருக்கும் இந்தக் கணக்கு புரிந்திருக்க வேண்டும். எழுதியது பொருந்தாதபோது அந்த இடத்திலேயே ஒரு 'டா'வையோ ஓர் 'இப்ப'வையோ சேர்த்தும் கழித்தும் சரிசெய்பவருக்குத்தான் மறுநாளும் அழைப்பு வரும்.

வசனம் முடிந்த பிறகு ரியாக்ஷன்கள் இருக்கின்றன. ஓடி மூச்சு வாங்குவது, படிக்கட்டில் உருள்வது, வாய் நிறையத் தின்றுகொண்டே சிரிப்பது, தண்ணீருக்குள் விழுந்து எழுவது என்று ஒரு சண்டைத் தொடரின் ஓர் அத்தியாயத்தில் பக்கக் கணக்கில் வரும். தொண்டையைக் கிழிக்கும் அலறல்களை எப்போதும் கடைசிக்கு ஒதுக்குவோம், ஏனென்றால் அதற்குப் பிறகு அன்றைக்கு அந்தக் குரலால் வேறெதுவும் பேச முடியாது. தம்பிக்கு ஐந்து குரலில் கதை சொல்வது நல்ல அறிகுறிதான். ஆனால் அதே அலறலை நான்கு விதமாகக் கேட்டு, நான்கையும் வேண்டாம் என்று சொல்லி, முதலில் கொடுத்ததையே திரும்பக் கேட்கும் ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்பதையும் அவளிடம் சொல்லிவையுங்கள். அந்தப் பாவி பல நாட்களில் நான்தான்.

அவளுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. கார்ட்டூனில் வரும் சிறுவர்களுக்கு உலகெங்கும் பெரும்பாலும் பெண்களே பேசுகிறார்கள், சிறுவனைப் பேசவைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் குரல் உடைந்துவிடும் என்பது முக்கியக் காரணம். ஜப்பானில் மசாகோ நோசாவா 1986 முதல் 'டிராகன் பால்' தொடரின் நாயகன் கோகுவாகப் பேசிவருகிறார். கோகு வளர்ந்து பிள்ளைகள் பெற்றபோது அந்தப் பிள்ளைகளுக்கும் அவரே பேசினார். நோபுயோ ஓயாமா 1979 முதல் 2005 வரை டோரேமானாக இருந்தார். அமெரிக்காவில் நான்சி கார்ட்ரைட், 1987இல் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் தங்கை லிசாவின் பாத்திரத்துக்கான தேர்வுக்குப் போனவர், அண்ணன் பார்ட்டின் பாத்திரம் பிடித்துப்போய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரே பாத்திரம் ஒருவருக்கு முப்பது நாற்பது ஆண்டு சோறு போட்டிருக்கிறது என்று உங்கள் கணவரிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கூடவே இதையும் சொல்ல வேண்டும்: அவர்கள் மூவரும் மூலப் படைப்பில் பேசியவர்கள், நாம் பேசுவது பெரும்பாலும் மறுபதிப்பில். 2007இல் சுட்டி டிவி தொடங்கியபோது தமிழ் கார்ட்டூனுக்கு ஒரு வசந்தம் வந்தது. ஜாக்கி சானும் டோராவும் தமிழ் பேசியதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது, இருந்தும் அந்தக் குரல்களுக்கு உரியவர்களில் ஒருவர் பெயரையாவது அவர்களால் சொல்ல முடியுமா? தியேட்டருக்கு வரும் பெரிய படங்களிலோ முதன்மைப் பாத்திரங்கள் நட்சத்திரங்களுக்குப் போய்விடுகின்றன. 2019இல் வந்த தி லயன் கிங் தமிழ்ப் பதிப்பில் சிம்பாவாகச் சித்தார்த்தும் ஸ்காராக அரவிந்த் சாமியும் பேசினார்கள். அதே ஆண்டு ஃப்ரோஸன் இரண்டாம் பாகத்தில் எல்சாவுக்குக் குரல் சுருதி ஹாசன். அது வியாபாரம், குறை சொல்வதற்கில்லை.

ஆகவே கார்ட்டூன் டப்பிங்கை மட்டும் நம்பி இருப்பவர்கள் குறைவு. திரைப்படம், சீரியல், விளம்பரம், ஒலிப்புத்தகம், ரயில் நிலைய அறிவிப்பு வரை எல்லாவற்றிலும் பேசி மாதத்தை நிரப்புகிறார்கள். சம்பளம் என்று ஒன்று கிடையாது. அத்தியாயத்துக்கு இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதுதான் வழக்கம், பணம் கைக்கு வரச் சில மாதங்களும் ஆகும். சேனல்களின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் மும்பையில் இருப்பதால், அங்கே ஒரு முடிவு மாறினால் இங்கே ஒரு தொடர் பாதியில் நின்றுபோகும். திரைப்படத்திலும் சீரியலிலும் பேசுவதற்குச் சென்னையில் டப்பிங் கலைஞர்களுக்கான சங்கம் இருக்கிறது, அதன் உறுப்பினர் அட்டையைப் பற்றி, 'வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களிடம் அல்லாமல், நேரில் சங்க அலுவலகத்திலேயே விசாரியுங்கள். இதை வெறும் காத்திருப்புக் கூடமாக எண்ணவும் வேண்டாம். விக்ரம் நாயகனாக நிலைபெறுவதற்கு முன் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர். எம்.எஸ். பாஸ்கரும் டப்பிங்கிலிருந்து வந்தவர்தான். மைக் முன் கற்ற நடிப்பு எங்கும் போய்விடாது.

இனி வரைதல். இங்கேதான் ஐந்தரை லட்சம் கேட்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 பிரேம். 11 நிமிடக் கதை ஒன்றில் 15,840 பிரேம்கள். ஒரு படத்தை இரண்டு பிரேம் நிறுத்திக் காட்டினாலும் ஏறக்குறைய 7,900 படங்கள் வேண்டும். இத்தனையையும் ஒருவரால் வரைய முடியாது என்பதால் வேலை துண்டு துண்டாகப் பிரிகிறது: கதையைக் காட்சி காட்சியாகப் படம் போட்டு ஸ்டோரிபோர்டு ஆக்குபவர், ஒவ்வொரு காட்சியிலும் எது எங்கே என்று லேஅவுட் செய்பவர், பின்னணி தீட்டுபவர், முக்கிய அசைவுகளை வரைபவர், அவற்றுக்கு இடைப்பட்ட படங்களை வரைபவர், இன்றைய முறையில் பாத்திரத்தைக் கணினியில் மூட்டு மூட்டாகக் கோத்துத் தரும் ரிகிங் கலைஞர், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் காம்பாசிட்டிங் கலைஞர். ஐம்பது பேர் வரைந்தாலும் ஒரே கை வரைந்ததைப் போலத் தெரிய வேண்டும். அதற்காக மாடல் ஷீட் என்று ஒன்றைத் தருவார்கள். அதில் பாத்திரத்தின் தலை இத்தனை கண் அகலம், உடல் இத்தனை தலை உயரம், முன்னாலிருந்து பார்த்தால் மூக்கு இப்படி, பக்கவாட்டில் அப்படி என்று அத்தனையும் குறித்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு முயலின் காதை என் மனப்போக்கில் கொஞ்சம் வளைத்து வரைந்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேற்பார்வையாளர் அந்தக் காதை மட்டும் சிவப்புப் பென்சிலால் சுழித்து, அதன் பக்கத்தில் 'இது உங்கள் முயல்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நாற்பது தாள்களையும் மறுபடி வரைந்தேன்.

கணக்கு நோட்டின் ஓரத்தில் வரைபவர்கள் தங்கள் முயலை வரைபவர்கள். அடுத்தவர் முயலை எட்டு மணி நேரம் வரைவது அவளுக்குப் பிடிக்குமா என்பதே என் கேள்வி. பிடிக்காவிட்டால் அது குற்றமில்லை. புத்தக ஓவியம், படக்கதை, விளம்பரம் என்று தன் கோட்டுக்கு மதிப்புள்ள இடங்கள் வேறே உண்டு, பத்திரிகைகளில் வரைந்த கோபுலுவின் கோடும் சில்பியின் கோடும் தனித்தனியே அடையாளம் தெரிவது அதனால்தான்.

பொறுத்திருந்து தன் கோட்டைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. டைரஸ் வோங் என்ற சீன அமெரிக்கர் 1938இல் டிஸ்னி நிறுவனத்தில் இடைப்படம் வரைபவராகச் சேர்ந்தார். நாள் முழுதும் மிக்கி மவுஸின் அசைவுகளுக்கு நடுவில் கோடு நிரப்பும் வேலை. அங்கே ஒரு மான்குட்டியின் கதை படமாகப்போகிறது என்று கேள்விப்பட்டு, வீட்டில் உட்கார்ந்து, பழைய சீன நிலக்காட்சி ஓவியங்களின் சாயலில் பனிமூட்டத்துக்குள் மரங்கள் கரையும்படி சில காடுகளைத் தீட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். 1942இல் வந்த 'பேம்பி' படத்தின் தோற்றமே அந்தச் சிறிய ஓவியங்களிலிருந்து பிறந்தது. ஆனால் படத்தில் அவருடைய பெயர் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டுமே வந்தது, டிஸ்னி ஊழியர்களின் 1941 வேலைநிறுத்தத்தை ஒட்டி, அதில் பங்கெடுக்காத அவர் வேலையையும் இழந்தார். பிறகு வார்னர் பிரதர்ஸில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் திரைப்படங்களுக்குக் காட்சி வரைவுகள் போட்டார், வாழ்த்து அட்டைகள் வரைந்தார். டிஸ்னி நிறுவனம் அவரைக் கௌரவித்தது 2001இல், அவருடைய தொண்ணூறு வயதுக்குப் பிறகு. திறமையும் பெயரும் சம்பளமும் மூன்று வெவ்வேறு வண்டிகளில் வருகின்றன என்பதற்கு இந்தத் தொழிலில் இவரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வேலை நிலைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு, அந்த நிறுவனம் யாருடைய பாத்திரத்தை வரைகிறது என்று பாருங்கள். இந்தியாவில் பல ஸ்டூடியோக்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கூலிக்கு வரைந்து கொடுப்பவை. அங்கே ஓர் ஒப்பந்தம் நின்றால் இங்கே ஒரு மாடியே காலியாகும். நான் வேலை பார்த்த இடம் அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மூடப்பட்டது. மூன்று மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனத்தைப் போலச் சொந்தமாக ஒரு பாத்திரத்தை வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு: 2008இல் தொலைக்காட்சிக்கு வந்த சோட்டா பீம், படமாக மட்டுமல்லாமல் பள்ளிப் பையாகவும் பொம்மையாகவும் விற்கிறான்.

பயிற்சி மையத்துக்கு வருகிறேன். 'நூறு சதவீத வேலை உறுதி' என்று சொல்பவரிடம் சென்ற ஆண்டு முடித்தவர்களில் ஐந்து பேருடைய ஷோரீலை, அதாவது அவர்கள் தங்கள் வேலைகளிலிருந்து தொகுத்த மாதிரி வீடியோவைக் காட்டச் சொல்லுங்கள், அவர்களில் இருவரிடமாவது நீங்களே போனில் பேசுங்கள். ஸ்டூடியோக்கள் சான்றிதழைப் பார்ப்பதைவிட ஒன்றிரண்டு நிமிட ஷோரீலைத்தான் பார்க்கின்றன. வகுப்பில் மென்பொருளை மட்டும் கற்றுத்தருகிறார்களா, உயிருள்ள ஆளை எதிரே நிறுத்தி வரையவும் வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். மென்பொருள் ஐந்தாண்டில் மாறும், முழங்கை மடங்கும் விதம் மாறாது. 'வேலை' என்று அவர்கள் குறிப்பிடுவது அனிமேஷன் வேலைதானா, வேறு எதையாவது அந்தக் கணக்கில் சேர்க்கிறார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கு முன், செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. கும்பகோணத்தில் உங்கள் பக்கத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பே உண்டு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷனைப் பிளஸ் டூ முடித்துச் சேரலாம். நுழைவுத் தேர்வு கடினம், கட்டணமும் குறைவில்லை, ஆனால் தேர்வுக்குத் தயாராவதே ஒரு நல்ல பயிற்சி. இவற்றில் இடம் கிடைக்காமல் போனால் தனியார் மையத்தைப் பற்றி யோசிக்கலாம், அப்போதும் மூன்றாண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் பருவம் பருவமாகக் கட்டும்படி கேளுங்கள்.

பலர் கடைசியில் யோசிக்கும் ஒன்றை உங்களை முதலிலேயே யோசிக்கச் சொல்வேன்: ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்து. மெல் பிளாங்க் என்பவர் பக்ஸ் பன்னி முதல் டாஃபி டக் வரை ஒரு கூட்டத்துக்கே ஒற்றை ஆளாகக் குரல் கொடுத்தவர். அவர் சம்பள உயர்வு கேட்டார், முதலாளி மறுத்தார். அப்படியானால் திரையில் என் பெயரையாவது போடுங்கள் என்று கேட்டு வாங்கினார். 1940களில் கார்ட்டூனில் குரல் கலைஞருக்குப் பெயர் போடுவது வழக்கத்தில் இல்லாத ஒன்று, அந்தப் பெயர் வந்த பிறகே வானொலி வாய்ப்புகள் அவரைத் தேடி வந்தன. நம் நாட்டில் பெயர் வருவதற்குச் சட்ட மதிப்பும் உண்டு. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தில், திரைப்படத்தில் தற்செயலாகச் சிறு பங்காற்றி, துறை வழக்கப்படி எங்குமே பெயர் குறிப்பிடப்படாதவர், பெரும்பாலான உரிமைகளுக்கு 'நிகழ்த்துநர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார். அதே சட்டத்தில், சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்த படம், மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கே சொந்தம். தன் உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எவ்வளவு காலத்துக்கு என்று குறிக்கப்படாவிட்டால் அது 5 ஆண்டு என்று கொள்ளப்படும். 'எக்காலத்துக்கும், இனி வரப்போகும் எந்தத் தொழில்நுட்பத்திலும்' என்ற வரியை ஒப்பந்தங்களில் சேர்ப்பது இதனால்தான். செயற்கை நுண்ணறிவு ஒருவரின் குரலை நகலெடுக்கும் இன்றைய நிலையில் அந்த வரியின் கனம் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் வீடியோ கேம் குரல் கலைஞர்கள் 2024 ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய 11 மாதம் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்தக் குரல் நகல்தான் மையக் காரணம். குரல் மாதிரி என்று கேட்டு மணிக்கணக்கில் பேசவைத்துப் பதிவு செய்பவர்களிடம், அது எதற்கு என்று எழுத்தில் கேட்காமல் உங்கள் மகள் பேச வேண்டாம்.

இந்த விடுமுறையில் அவள் இரண்டு காரியங்களைச் செய்யட்டும். ஒரு நிமிடக் கார்ட்டூன் காட்சி ஒன்றை எடுத்து, ஒலியை அணைத்து, தமிழ் வசனத்தைத் தானே எழுதி, போர்வைக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து, படத்தோடு ஓட்டிப் பார்க்கட்டும். பொருந்தாத இடங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி, மறுபடி. பிறகு தெருக்குழாய் அருகே நின்று, ஒரு பெண் வெறுங்குடத்தைத் தூக்குவதையும் நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதையும் பார்த்து, ஒவ்வொன்றையும் பன்னிரண்டு படமாக நோட்டின் மூலையில் வரைந்து விரலால் ஓட்டிப் பார்க்கட்டும். குடத்துக்குள் தண்ணீர் இருக்கிறது என்பது இடுப்பிலும் கழுத்திலும் தெரிந்தால் அவளுக்குக் கண் இருக்கிறது. இரண்டில் எதைப் பத்தாவது முறை செய்யும்போதும் அவள் சாப்பிட மறக்கிறாள் என்று நீங்கள் கவனியுங்கள். எனக்கு எழுத வேண்டியது அதைத்தான். குரல் பக்கம் போவதானால் அவள் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே வாய்ஸ் டெஸ்டுகளுக்கு வரலாம், அதற்கு ஐந்தரை லட்சம் தேவையில்லை.

வரும்போது கண்ணாடி வளையலையும் கொலுசையும் கழற்றி வைத்துவிட்டு, கஞ்சி போடாத பழைய பருத்தி உடையில் வரச் சொல்லுங்கள். எங்கள் மைக்குக்குக் காது கூர்மை.